வாழைத்தோப்பு மோகினி

ஆனந்தவள்ளி நடித்தது ஒரே ஒரு படம். தொட்டியம் பக்கம் ஒரு தோப்பைப் பிடித்து, இருந்த காசுக்கு அவசர அவசரமாக எடுத்த ‘வாழைத்தோப்பு மோகினி’. நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு மோகினி வேஷம் கொடுத்தார்கள். மழையில் நனைகிற காட்சி மட்டும் முடியாது என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு, வேறொரு பெண்ணை நனையவிட்டு, நடுநடுவே இவள் முகத்தைச் சேர்த்துவிட்டார்கள். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. மழைக்காட்சி போஸ்டர்தான் ஊர்ச் சுவரெல்லாம் மாசக்கணக்கில் இருந்தது. அவள் அண்ணன் பேச்சை நிறுத்தினார். அவள் நடிப்பை நிறுத்தினாள்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்து, பேரப்பிள்ளையும் எடுத்தாயிற்று. கணவர் மாதவனுக்கு விஷயம் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

போன வருஷம் மெஹ்ரீன் என்ற பல் டாக்டர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். பழைய வீடியோ கேசட்டிலிருந்து யாரோ அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டார்களாம். அதற்கென்று ஒரு ரசிகர் கூட்டமே இருக்கிறதாம். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லை நகரில் ஹால் எடுத்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்து பார்ப்பார்களாம்.

“பாத்து சிரிக்கத்தானே?” என்றாள் ஆனந்தவள்ளி.

மெஹ்ரீன் மழுப்பவில்லை. “சிரிப்போம்தான் ஆன்ட்டி. மந்திரவாதிக்கு ஒட்டுத்தாடி பிச்சிக்கிட்டு வரும். ஆனா நீங்க பேசும்போது யாரும் சிரிக்க மாட்டோம்.”

ஆனந்தவள்ளி வர முடியாது என்று சொல்லியனுப்பினாள். மாதவன்தான், தான் இதுவரை அதைப் பார்த்ததே இல்லை, ஒருதடவை பார்க்கலாமே என்றார்.

ஹாலில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கூட்டம் வசனங்களைக் கோரஸாகச் சொன்னது. தாடி பிய்ந்தபோது விசில் பறந்தது. மழைக்காட்சி வந்ததும் ஆனந்தவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மோகினி இல்ல! மோகினி இல்ல!” என்று ஹாலே கத்தியது.

என்னவென்று மாதவன் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்டார். நனைகிற பெண்ணின் கையில் பச்சை குத்தியிருக்கிறது, மோகினி கையில் கிடையாது, அதனால் அது வேறு ஆள் என்று ரொம்ப நாளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்றாள் அவள். இவ்வளவு நாளும் அண்ணனிடம் எடுத்துச் சொல்லக்கூட வாய் வராமல் இருந்த விஷயம். ஆனந்தவள்ளி நிமிர்ந்தாள். கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது.

கடைசிக் காட்சியில் தன்னைக் கொன்றவனை மோகினி நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். ஹால் அடங்கிப்போனது. ஆனந்தவள்ளி தன்னையறியாமல் எழுந்து நின்று, திரையில் இருந்தவளோடு சேர்ந்து வசனத்தைச் சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. முன்வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் கைதட்டியது மாதவன்.

போட்டோவெல்லாம் எடுத்து முடிந்தபிறகு அவள் மெஹ்ரீனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மோகினி இல்லன்னு கத்துறீங்களே, அந்தப் பொண்ணுக்கும் ஒரு பேரு இருக்கும்ல? அன்னைக்கு தோப்புல நடுங்கிட்டு நின்னா, நான்தான் துண்டு குடுத்தேன். என்னைத் தேடுன மாதிரி அவளையும் தேடிப் பாரும்மா.”

தேடுவதாக மெஹ்ரீன் வாக்குக் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள் ஆனந்தவள்ளி. பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. அந்தக் கடைசி வசனத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் மாதவன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.