மருதப்பன் கடைத் தேநீரைப் புகழ்ந்த கேசட்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. காளியம்மன் சந்நிதியில் ஈரத்துணியோடு நின்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். அது போதாது என்பவர்களுக்கு மாதா கோவிலில் பைபிள் மேல் கை வைத்தும் செய்யலாம். இரண்டு கோவில்காரர்களும் இதில் வருவதால் இரண்டு சத்தியமும் செல்லும்.

சிங்கப்பூரிலேயே மட்டமான தேநீர் தன்னுடையது என்பதில் மருதப்பனுக்கு அளவில்லாத பெருமை. பஃபலோ ரோட்டில் அவருடைய கடை. 1971 வரை அந்தத் தேநீரை யாரும் கண்டுகொண்டதில்லை. அப்போதும் மட்டம்தான், ஆனால் கேட்பாரற்ற மட்டம். அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மிஷின்வாய் சூசை.

சூசைநாதன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மேடை ஏறினால் பாடமாட்டார், பேசுவார். பின்னால் ஒரு டோலக் ஓடும், அதற்கு முன்னால் அவர் வாய் ஓடும். எதுகை மோனையோடு, மூச்சு விடாமல், ஆள் பேரைச் சொல்லித் திட்டுவார். அவர் பேசிய வேகத்தில் மைக் சூடேறி, மேடை போட்டவர் அதன் மேல் முட்டை பொரித்துச் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில் பையன்கள் இதையே செய்து ராப் என்று பேர் வைத்தபோது செராங்கூன் ரோட்டில் ஒருவரும் அசரவில்லை. “நம்ம சூசை அப்பவே செஞ்சதுதானே லா,” என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருடத் தீபாவளி மேடையில்தான் சூசை இதை எடுத்துவிட்டார்:

மருதப்பன் கடைத் தேத்தண்ணி – அது
மாடு கழுவுன மீத்தண்ணி
குடிச்சுப் பாத்தான் கிட்டங்கி ஆளு
குப்புறக் கிடந்தான் மூணு நாளு

மறுநாள் மருதப்பன் கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. எல்லாருக்கும் ஒரே ஆசை, அவ்வளவு மோசமா என்று பார்த்துவிட வேண்டும். குடித்தார்கள். அவ்வளவு மோசம். மனம் நிறைந்து போனார்கள், சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்தார்கள். கப்பல்காரர்கள் போத்தலில் வாங்கிப்போய் நங்கூரத்தின் துருவைக் கழுவினார்கள். கீழே சிந்தியதைக் குடித்த காக்கை ஒன்று பறப்பதை மறந்து காலாங் வரை நடந்தே வீடு போயிற்று. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்ததாம். பெண் வீட்டார் மாப்பிள்ளையை இங்கே அழைத்து வந்து ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. முகம் சுளிக்காமல் குடித்து முடிப்பவனுக்குத்தான் பெண். இதைக் குடித்தவன் எதையும் தாங்குவான் என்பது கணக்கு.

நாலைந்து வருடம் கழித்து சூசை திடீரென்று மேடையை விட்டார். சாங்கியில் விமான நிலையம் வந்ததும் அங்கே சரக்குப் பிரிவில் சேர்ந்தார். வாயைத் திறப்பதே இல்லை என்றார்கள். 1985இல் ஒரு சேதி வந்தது, மிஷின்வாய் சூசை மறுபடியும் வருகிறார், கேசட்டில்.

வெளியாகும் சாயங்காலம் மருதப்பன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார்.

“திட்டு வாங்கப் போறதுக்கு இவ்வளவு மினுக்கா?” என்றாள் மனைவி பூவம்மா.

“பழைய திட்டு தேஞ்சு போச்சு புள்ள. புதுசு கிடைச்சா இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்ல.”

கேம்பல் லேனில் அஹமது கபீரின் கேசட் கடை. வாசலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர். பழைய திட்டில் இடம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் நின்றார்கள். முடி வெட்டும் கோவிந்தசாமி நின்றார். அவர் கடைக்குப் போனால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்படி சூசை சொல்லியிருந்தார். பூக்கடை ரத்தினம்மா நின்றாள். அவள் கூவினால் கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் நாய் குரைக்கும் என்பது சூசை வாக்கு.

கபீர் கேசட்டைப் போட்டார். டோலக் இல்லை. ஏதோ ஒரு மிஷின் மேளம் இடி இடி என்று இடித்தது.

“எம்ஆர்டி ரயிலுக்குக் குழி தோண்டுறானா, பாட்டுப் பாடுறானா?” என்றார் கோவிந்தசாமி.

“சும்மா இருய்யா, வாய் வரட்டும்,” என்றார் மருதப்பன்.

வாய் வந்தது. அதே குரல். ஆனால் வேகம் இல்லை, பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி மாதிரி நிறுத்தி நிறுத்தி வந்தது. கோவிந்தசாமி கைராசிக்காரர் என்றது. ரத்தினம்மா குரல் குயில் என்றது. மருதப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மருதப்பன் அண்ணன் தேநீர் அமுதம்
மாந்திட மாந்திட மலரும் இதயம்

மருதப்பனுக்குக் காது அடைத்தது. அமுதமா? ஊரெல்லாம் கேட்க, ஸ்பீக்கர் வைத்து, தன் தலையில் இப்படியா மண்ணைப் போடுவான்?

“குயிலாம்ல குயிலு!” ரத்தினம்மா கத்தினாள். ஜொகூரில் கேட்டிருக்கும். “யாருடா குயிலு? என்னைப் பத்தி இப்படி ஒருத்தனும் பேசினது கிடையாது!”

“நான் கைராசிக்காரனா? நாளைக்கு எவன் வருவான் என் கடைக்கு? காது போகுமோன்னு பயந்துகிட்டு உக்காந்திருக்கிறதுலதானே அவனுக்கு ஒரு இது!”

“என்னைக் கேக்காதீங்க,” என்றார் கபீர். “நான் விக்கிறவன். ஆனா ஒண்ணு, கடைக்காரனா இருந்து சொல்றேன், இவ்வளவு கேவலமான கேசட்டை நான் வித்ததே இல்ல.”

“வாய் இருந்த மனுசன்யா. எந்தப் பாவி என்னத்தை வச்சு அடைச்சான்?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“வயசாயிருச்சு லா, இனிமே பஜனைதான்.”

“பஜனைல கூட இதைவிட சூடு இருக்கும்.”

ஒருவர் கேசட்டை வாங்கி அங்கேயே நாடாவை உருவி வீசினார். அது விளக்குக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு காற்றில் ஆடியது. ஆடும்போதுகூட அது ‘அமுதம் அமுதம்’ என்று முனகியதாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்கிறார்கள்.

அந்த வாரமே கடையில் கேடு தொடங்கியது. முன்பு மட்டமான தேநீரைத் தேடி வந்தவர்கள் கிடைத்த சந்தோஷத்தில் போவார்கள். இப்போது அமுதத்தைத் தேடி வந்தார்கள். அதே தேநீர்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏமாத்துறியா?” என்று சட்டையைப் பிடித்தார்கள். பெண் வீட்டார் வருவதை நிறுத்தினார்கள். அமுதம் குடிக்கத் தெரிந்த மாப்பிள்ளை யாருக்கு வேண்டும்? பூவம்மா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்: “நல்ல தேயா போட்டுட்டுப் போனா என்ன?” மருதப்பன் அவளைப் பார்த்த பார்வையில் அடுப்பு அணைந்தது. நல்ல தேநீர்க் கடை அந்தச் சாலையில் நூறு இருந்தது. நூற்றொன்றாவதாகப் போய் நிற்கவா இத்தனை வருடம் கெட்ட பேரைக் காப்பாற்றினார்? இப்படியே போனால் மாதக் கடைசியில் கடையை மூட வேண்டியதுதான்.

கோபம் தலைக்கேறி மருதப்பன் தஞ்சோங் பகாரில் இருந்த சூசை வீட்டுக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டில் அப்புறம் ஒரு வாரம் யாரும் உட்கார முடியவில்லை, அவ்வளவு சூடு.

சூசையின் மனைவி அல்போன்சம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே சூசை ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏண்டா சூசை, உனக்கு நான் என்னடா பாவம் செஞ்சேன்?”

“நீங்க செய்யலண்ணே. நான்தான் செஞ்சேன்.” சூசையின் குரல் தணிந்திருந்தது. “போன தவக்காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஊரைத் திட்டுனதெல்லாம் சொன்னேன். சாமியார் லாசரஸ் கேட்டுட்டு, எந்த வாயால ஏசினியோ அதே வாயால வாழ்த்து, அதுதான் உனக்குப் பரிகாரம்னுட்டாரு. அதான் கேசட்.”

“அது பரிகாரமா? எனக்குப் பாடை!”

“அண்ணே, உங்க மனசைப் புண்படுத்திட்டேன்னு…”

“எப்படா புண்பட்டேன்? நான் வந்து அழுதேனா உன்கிட்ட? கேக்காத மன்னிப்பை ஸ்பீக்கர் வச்சுக் கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“அதைத்தான் நானும் சொன்னேன்,” என்றாள் அல்போன்சம்மாள் அடுப்படியிலிருந்து. “இந்தக் கேசட்டை வீட்டுலயே கேக்க முடியல. பல்லி செத்து விழுது.”

மருதப்பனுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. “சரி, என் தேயை நீ கடைசியா எப்பக் குடிச்ச?”

சூசை ஜெபமாலையை உருட்டினார்.

“டேய், கேக்குறேன்ல?”

“குடிச்சதே இல்லண்ணே. எழுபத்தொண்ணுல எதுகைக்குத்தான் உங்க பேரைப் போட்டேன்.”

மருதப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். தன் புகழ் முழுவதும் ருசி பார்க்காத ஒருவன் வாயிலிருந்து வந்ததா? “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா கடைக்கு வா. குடி. குடிச்சிட்டு அமுதம்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. சொல்லிட்டா நான் அன்னைக்கே கடையை மூடிடுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பஃபலோ ரோட்டில் கார் போக இடமில்லை. கோவிந்தசாமி பாதி வெட்டிய ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். சூசை வெள்ளைச் சட்டையில் வந்தார். கூடவே சாமியார் லாசரஸும் வந்தார், பரிகாரம் கெட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள.

மருதப்பன் அன்றைக்கு உயிரைக் கொடுத்துப் போட்டார். கிளாஸில் விட்ட கரண்டி சாயாமல் நின்றது.

சூசை ஒரு வாய் குடித்தார். அவர் சட்டையின் வெள்ளை மெல்லப் பழுப்பானது. கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் தேநீர் நிறத்தில்.

“சொல்லுடா, அமுதமா?”

சூசை சாமியாரைப் பார்த்தார். நல்லது என்றால் பொய், பொய் சொல்லக் கூடாது என்பது கட்டளை. கெட்டது என்றால் பரிகாரம் போச்சு. உதட்டை இறுக மூடினார். உள்ளே ஏதோ கொதிப்பது வெளியே கேட்டது. கன்னம் உப்பியது, காது சிவந்தது. கடைசியில் வாய் தானாகவே திறந்துகொண்டது.

தே இல்ல இது தாரு – இதத்
தெருவுல ஊத்துனா ஓடும் காரு
அமுதமுன்னு சொன்னது யாரு – அந்த
அண்டப் புளுகன் மூஞ்சப் பாரு

யாரோ காலித் தகரத்தைத் தட்ட, தாளம் பிடித்துக்கொண்டது. பழைய வேகம். பத்து வருடமாக அடைத்துக் கிடந்த அத்தனையும் வந்தது. தேநீரைத் திட்டினார், கேசட்டைத் திட்டினார், மிஷின் மேளத்தைத் திட்டினார். அந்தக் காற்றில் தேக்கா சந்தையின் கொத்தமல்லி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. ரத்தினம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, “என்னையும் சொல்லுங்க, என்னையும் சொல்லுங்க,” என்று கத்தினாள். சொன்னார். அவள் முகம் மலர்ந்து நின்றாள். கோவிந்தசாமி தனக்குக் கிடைத்ததை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மருதப்பனுக்கு மட்டும் கோபம் இறங்கவில்லை. “இதை முதல்லயே பாடித் தொலைச்சிருந்தா என்னடா?” என்று கடைசி வரை திட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் அடங்கியதும் சூசை தலைகுனிந்து சாமியார் முன் நின்றார். “பாவம் பண்ணிட்டேன் சாமி.”

சாமியார் லாசரஸ் மீதித் தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கியால் நாக்கைத் துடைத்துக்கொண்டார்.

“சூசை, எழுபத்தொண்ணுல நீ சொன்னது பாவமே இல்ல. போன மாசம் சொன்னதுதான் பாவம்.”

அடுத்த நாள் காலை மருதப்பன் கடை வாசலில் மூன்று மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரண்டாமவன் முகம் சுளித்தான். மருதப்பன் அவனை வெளியே துரத்தினார்.

சூசைநாதனின் அந்தக் கேசட்டைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று வெளிவரவே இல்லை என்று இன்றைக்கும் ஊரே சாதிக்கும்.