கறுப்பு ஆற்றின் தண்ணீர்

"உஸ்தாத், ஆறு மையால கறுப்பா ஓடுச்சுன்னா, தாகமெடுத்தவங்க எதைக் குடிச்சாங்க?"

ஆறாம் வகுப்பின் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து ரஜ்வா இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பதினோரு வயது. பாக்தாதின் நூலகங்களை மங்கோலியர் டைக்ரிஸ் எனப்படும் திஜ்லா ஆற்றில் கொட்டிய கதையை ஆசிரியர் ஹிக்மத் உஸ்தாத் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் தழுதழுக்கும். அன்று கடைசி வரிசையில் கல்வி ஆய்வாளர் வேறு உட்கார்ந்திருந்தார். வகுப்பு குபீரென்று சிரித்தது. ஆய்வாளரும் சிரித்துவிட்டார்.

"பாடத்துல இல்லாததைக் கேக்காதே. கையை நீட்டு" என்றார் உஸ்தாத்.

இரண்டு அடிதான். அதை மறந்துவிடலாம். ஆனால் அன்று மாலை அவளுடைய தகப்பனைத் தெருவில் பார்த்து, "உங்க பொண்ணுக்கு வாய் நீளம்" என்றும் சொல்லிவைத்தார். தகப்பன் அப்படி ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார் போலும். அடுத்த வாரம் மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ரஜ்வா இப்போது அதே சந்தில், உஸ்தாதின் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தாள். ரொட்டி சுட்டுப் பிழைத்தாள். தெற்கே போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. நாலு வயதில் துஹா என்று ஒரு மகள். மனைவியை இழந்து தனியாக இருந்த உஸ்தாதுக்கு வாரம் ஒருமுறை பருப்புக் கஞ்சி அனுப்புவாள். அவருக்கு மட்டுமல்ல, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்கெல்லாம் அனுப்புவாள். எல்லாம் ஒரே மாதிரியான தகரக் கிண்ணங்கள். அந்தச் சந்தில் பாதி வீடுகளில் அவளுடைய கிண்ணங்கள் இருந்தன. ஏனென்றால் பாக்தாதில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. போட்டுத் தர ஒன்றும் இல்லாததால் கிண்ணங்கள் திரும்பவில்லை. உஸ்தாதின் சமையலறையில் மட்டும் மூன்று கிடந்தன. ஒவ்வொரு முறையும் அவற்றைப் பார்க்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போர் ஓய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மின்சாரம் இல்லை. குழாயில் காற்றுதான் வந்தது. எண்ணெய்மேல் மிதக்கிற நாட்டில் அடுப்பு எரிக்க ஒரு குப்பி மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பூங்கா மரங்களை மக்கள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். எரிந்த எண்ணெய்க் கிடங்குகளின் கரி மழையோடு இறங்கி, ஆற்றின் கரையோரம் கறுப்பாகப் படிந்திருந்தது. அந்த ஆற்றில்தான் எல்லோரும் தண்ணீர் மொண்டார்கள்.

படித்துறையில் உம்மு காஸி வாளியை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சந்திலேயே நாக்கு நீளமானவள்.

"வாங்க உஸ்தாத், வாங்க! உலகத்துக்கே வெளிச்சம் கொடுத்த ஊரு இதுன்னு புஸ்தகம் எழுதுறீங்களாமே. எனக்கு ஒரு தீப்பெட்டி கொடுங்க, போதும்."

"விடுங்கக்கா, அவரு என்ன பண்ணுவாரு" என்றாள் ரஜ்வா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பிள்ளை எப்படிம்மா இருக்கா?" என்று உஸ்தாத் கேட்டார்.

"நாலு நாளா வாந்தியும் பேதியும்தான். டாக்டர் மருந்தே எழுதலை, உஸ்தாத். கொதிக்க வெச்ச தண்ணி குடு, உப்பும் சர்க்கரையும் கலந்து குடு, இல்லைன்னா பிள்ளை தங்காதுன்னுட்டாரு. உப்பு இருக்கு, சர்க்கரை ஒரு பிடி இருக்கு. எதை வெச்சுக் கொதிக்க வைக்க? கதவைக் கழட்டி எரிச்சாச்சு. கட்டிலும் போச்சு."

அவள் வாளியைத் தூக்கினாள். கறுப்புத் தண்ணீரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"ஒரு நாள் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? இப்ப எனக்கே தெரிஞ்சு போச்சு. இதையேதான் குடிச்சிருப்பாங்க."

அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இல்லை.

வீட்டுக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையையும் நாற்காலிகளையும் போன வாரமே குளிர்காய எரித்துவிட்டார். மிஞ்சியிருந்தது தகப்பனார் விட்டுப்போன பன்னிரண்டு தோல்கட்டுத் தொகுதிகள், அந்த நகரத்து அறிஞர்களின் வாழ்க்கைகள். முதல் தொகுதியை மடியில் வைத்து உட்கார்ந்தார். இறைவனின் பெயர் உள்ள தாளை அடுப்பில் வைக்கலாகாது. அதையெல்லாம் பிரித்து ஒதுக்கிவிட்டு மீதியை எரிக்கலாம் என்று நினைத்தார். புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அப்துல்லாஹ், ஓர் அப்துர்ரஹ்மான், இறைவனின் பெயரையே தாங்கிய பெயர்கள். ஏதோ ஒரு தகப்பன் ஏதோ ஒரு காலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே அவனை இறைவனிடம் ஒப்படைத்திருந்தான். ஒரு தாளைக்கூடக் கிழிக்க முடியவில்லை. முத்தமிட்டு மூடிவைத்தார்.

பிறகு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது அவருடைய புத்தகம். பதினெட்டு ஆண்டு உழைப்பு. ஒரே கைப்பிரதி, எழுநூறு தாள். அச்சாகி வந்தால், தான் வீணாக வாழவில்லை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

இறைவனின் பெயர் உள்ள தாள்களை அதிலும் ஒதுக்கினார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பாக்தாதின் பழைய வட்டக்கோட்டையின் சுற்றளவு, அரண்மனைகளின் தூண்கள், விருந்துகளில் செலவான குங்குமப்பூவின் எடை, நூலகங்களின் நூல் கணக்கு எல்லாம் இருந்தன. இறைவனின் பெயர் இருந்த தாள்கள் முப்பதுகூடத் தேறவில்லை. தண்ணீர் சுமந்த ஒருவன்கூட அந்த எழுநூறு தாளில் இல்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து, முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டிக் கெட்டிலை ஏற்றினார்.

முதல் தாள் சுருண்டு எரிந்தபோது, நூல்களை ஆற்றில் எறிந்தவர்களைப் பற்றித் தான் இத்தனை ஆண்டுகள் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. கை நிற்கவில்லை.

துணியில் வடிகட்டிய தண்ணீர் நன்றாகக் கொதிக்க, அறுபது எழுபது தாள் வேண்டியிருந்தது.

"என்ன உஸ்தாத், புகை வருது? கபாபா? எங்களுக்கெல்லாம் கிடையாதா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து உம்மு காஸி கத்தினாள்.

"பழைய குப்பைங்க. வீட்டை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

விடிகாலை சுபுஹு தொழுததும், சூடு ஆறாத தண்ணீரைச் சமையலறையில் கிடந்த தகரக் கிண்ணம் ஒன்றில் ஊற்றி, தட்டால் மூடி, ரஜ்வாவின் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். கதவு இருந்த இடத்தில் போர்வை தொங்கியது. உள்ளே குழந்தை முனகிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த காலை போனபோது, கழுவித் துடைத்த கிண்ணம் வாசலில் இருந்தது. அதில் ஒரு பேரீச்சம்பழம். வைத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பாத்திரத்தை வெறுமையாகத் தர அவளுக்கு மனம் வரவில்லை. உஸ்தாத் அந்தப் பழத்தை எடுக்கவில்லை. தண்ணீரின் பக்கத்திலேயே தட்டின்மேல் வைத்துவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் படித்துறையில் ரஜ்வா, உம்மு காஸியின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"தண்ணி வெச்சது நீங்கதானேக்கா? வேற யாருக்கு இந்த மனசு வரும்?"

உம்மு காஸி ஒரு கணம் விழித்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள். சற்றுத் தள்ளி நின்ற உஸ்தாத் வாளியில் தண்ணீர் மொண்டார். சொல்லிவிடலாமா என்று நாக்கு ஒரு கணம் துடித்தது. வாளி நிறைந்ததும் நடந்தார்.

பத்தாம் நாள் கடைசிக் கட்டு எரிந்தது. ஆறு கறுத்த கதை அந்தக் கட்டில்தான் இருந்தது. தழுதழுத்த குரலில் எத்தனையோ முறை படித்த தாள். அதைத் திரும்பப் படிக்காமலே உள்ளே தள்ளினார். கெட்டில் கொதித்தது.

அன்று சமையலறையிலிருந்து இன்னும் இரண்டு கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டார். மூன்றிலும் விளிம்புவரை ஊற்றினார். சந்தில் யாரும் இல்லை. போர்வைக்கு அப்பால் துஹாவின் குரல் கேட்டது. முனகல் இல்லை, சிணுங்கல்.

"அம்மா, பசிக்குது."

சத்தம் எழாதபடி கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். மூன்றிலிருந்தும் ஆவி வந்தது.

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்குள் போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டார்.