காத்திருக்கச் சொன்ன குரல்

ரயில் நிலையத்தில் அவருக்குக் ‘கணீர்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைத் தாண்டி அதற்கு வேலை இல்லை. நடைமேடைக்கு மேலே, இரண்டு பேர் நுழைந்தால் ஒருவர் வெளியே போக வேண்டிய அளவுக்கு ஓர் அறை. அதில் ஒரு மைக், அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பொத்தான், ஒரு பிளாஸ்க் வெந்நீர். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவர் ஆரம்பித்தால், தரையில் பாய் விரிக்காத குறையாகக் கிடப்பவன்கூட எழுந்து உட்காருவான். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்பதை, ஏதோ வீட்டில் சம்பந்தம் முடிவான சேதியைப் போலச் சொல்வார்.

“தாமதத்திற்கு வருந்துகிறோம்” என்றும் சொல்வார். ஒருநாளும் வருந்தியதில்லை. சரியான நேரத்துக்கு வரும் வண்டியைப் பற்றி நீட்டி முழக்க என்ன இருக்கிறது? தாமதம்தான் அவருடைய கலைக்குத் தீனி.

அப்படிப்பட்ட குரல் ஒருநாள் மதியத்துக்கு மேல் கரகரத்தது. தகரத்தைத் தார்ச் சாலையில் இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம். முதலில் மைக்கைச் சந்தேகப்பட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரை மாற்றச் சொன்னார். அவர் ஒயரை மாற்றிவிட்டு, “மைக் நல்லாதான் இருக்கு, சார்” என்று கணீரின் தொண்டையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். ஆவி பிடித்தார். வாரங்கள் மாதங்கள் ஆயின. அவருடைய பெரியப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சளிதான், சளிதான் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. கடைசி நாட்களில் பெரியப்பா பேசவே இல்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கணீர் அவசரமாக வெந்நீர் குடிப்பார். வெந்நீரால் நினைப்பைக் கழுவ முடியும் என்று அந்த வயதிலும் நம்பினார்.

குடும்ப டாக்டர் நாக்கை அழுத்திப் பார்த்தார். “இதை நான் பார்த்து ஒண்ணும் ஆகாது. உள்ளே கேமரா விட்டுப் பார்க்கணும். பெரிய ஆஸ்பத்திரி தொண்டை ஸ்பெஷலிஸ்டுக்கு ரெஃபர் பண்றேன்.”

“எப்ப போகணும் டாக்டர்?”

“நீங்க போக முடியாது. அவங்க கூப்பிடணும். முதல்ல ஒரு நர்ஸ் போன் பண்ணுவாங்க. நீங்க பேசுறதைக் கேட்டுட்டு, அவசரமா இல்லையான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. அதுக்கு ஏத்த வரிசையில போடுவாங்க.”

இதில்தான் கணீர் கோட்டை விட்டார். வேறு எந்தத் தொழில்காரரும் செய்திருக்க முடியாத தப்பு அது.

நர்ஸ் நாளை காலையில் அழைப்பார் என்று குறுஞ்செய்தி வந்ததும், ஒலிப்பதிவுக்குத் தயாராவது போலத் தயாரானார். முதல் நாள் மாலையிலிருந்தே மௌனம். காலையில் தேன், வெந்நீர், இரண்டு முறை ஆவி. குளித்து, சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். போன் அடித்தது. மனதுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம். சொல்லுங்கள்.”

மறுமுனையில் நர்ஸ் அசந்துபோனார்.

“அடேயப்பா! சார், நீங்க ரேடியோவுல பேசுறவரா? என்ன குரல் சார் இது!”

ஆள் அங்கேயே அவுட். மனிதன் புகழுக்கு மயங்குவான் என்பதெல்லாம் மற்றவர்களைப் பற்றிச் சொல்வது என்று நினைத்திருந்தவர், மெழுகாய் உருகினார்.

“ஏதோ, உங்களைப் போன்றவர்களின் அன்பு.”

“குரல்ல பிரச்சினைன்னு எழுதியிருக்கே?”

“சிறிய அளவிலான கரகரப்பு.”

“முழுங்குறதுக்குக் கஷ்டமா இருக்கா?”

இருந்தது. ஆனால் இவ்வளவு மரியாதையாகப் பேசும் பெண்ணிடம் போய்ச் சோறு இறங்கவில்லை என்று சொல்வதா? “குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமில்லை.”

இரண்டு நிமிடம் பேசினார். அதற்கு மேல் தொண்டை தாங்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் அழகாக முடித்துக்கொண்டார். மாலையில் செய்தி வந்தது: அவசரமில்லை, பொது வரிசை, உங்கள் முறை வரும்போது அழைப்போம். கரகரப்புக்கு மார்க் போட்டிருந்தால் பெயில். குரலுக்கு நூற்றுக்கு நூறு.

மனைவியிடம், “வரிசையில இருக்கேன்” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாள் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர். பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதால், எது பசி, எது வலி, எது நாடகம் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். வீட்டிலிருக்கும் இந்தப் பெரிய குழந்தையைத்தான் கவனிக்கவில்லை.

வரிசை நகரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார்.

“தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. எங்கள் ஊழியர்கள் அனைவரும் மற்ற நோயாளிகளுக்கு உதவிக்கொண்டிருக்கிறார்கள். சற்றே காத்திருக்கவும். தங்கள் பொறுமைக்கு நன்றி.”

கணீர் காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். அவர் குரலேதான். பல வருடங்களுக்கு முன் அந்த ஆஸ்பத்திரிக்காகப் பதிவு செய்து கொடுத்தது. அடியோடு மறந்திருந்தார்.

முதல் தடவை ரசித்துக் கேட்டார். ‘பொறுமைக்கு’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி, அதில் ஒரு புன்னகை. எழுதிக் கொடுத்ததில் ‘நன்றி’ மட்டும்தான் இருந்தது. பொறுமையைச் சேர்த்தது இவருடைய சொந்தச் சரக்கு. அப்போது நிர்வாகியிடம், “இதைக் கேட்டா எவ்வளவு நேரம் வேணும்னாலும் காத்திருப்பாங்க” என்று வேறு அளந்திருந்தார். பத்தாவது தடவை அந்த இடைவெளி வந்தபோது, அந்த ஆளைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

ஒருவழியாக அதே நர்ஸ் எடுத்தார். உடனே சிவப்பு விளக்கு. முதுகு நிமிர்ந்தது. “வணக்கம். தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்.”

“சார், நீங்களா! இப்பவும் ஜம்முனுதானே பேசுறீங்க? கவலையே படாதீங்க. வரிசையில இருக்கீங்க.”

“தங்கள் பொறுமைக்கு நன்றி” என்று சொல்லி போனை வைத்தார்.

அடுத்த வாரம், கூட்டம் நெரிந்த ஒரு மாலையில், “பயணிகளின்” வரை வந்தது; “கனிவான” வரவில்லை. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலிருந்தும் வந்த சத்தத்தில், கீழே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஸ்டேஷன் மாஸ்டர் மாடியேறி வந்து, நயமாகத் தோளைத் தொட்டார். “நீங்க கொஞ்ச நாள் வீட்ல இருங்க. மெஷின் பேசட்டும்.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை குரல் அறுந்தது. அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இப்படி இருக்கிற தொண்டையை அந்த நர்ஸ் எப்படிங்க அவசரமில்லைன்னு சொன்னாங்க? அவங்ககிட்ட எப்படிப் பேசினீங்க?” என்றார்.

கணீர் இரண்டு மடக்கு வெந்நீர் குடித்து, நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, அடிவயிற்றிலிருந்து மிச்சம் மீதியைத் திரட்டி, “வணக்கம். சொல்லுங்கள்” என்று காட்டினார்.

அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பின் தண்ணீர் மட்டுமில்லை.

“ஏங்க, நோயைக் காட்டப் போறப்ப யாராவது நோய்க்குப் பவுடர் பூசிக் கூட்டிட்டுப் போவாங்களா? உங்க பெரியப்பா கதை மறந்துபோச்சா?”

“மறக்கல. அதான் பயம்” என்றார். அந்த வாக்கியத்தில் இடைவெளியும் இல்லை, புன்னகையும் இல்லை.

மறுநாள் காலையில் அம்மாள் பிளாஸ்க்கை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். தேனுக்கும் ஆவிக்கும் தடை. ஸ்டேஷனில் நிற்கும் வண்டிகளின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்ல வைத்து, தொண்டை தகரமானதும் ஆஸ்பத்திரியின் போன் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். கணீரின் பழைய குரல் வழக்கம் போல வரவேற்றது. காத்திருந்தார்கள். நர்ஸ் எடுத்ததும், பழக்கதோஷம், முதுகு நிமிர்ந்தது; “வண...” என்று வாய் குவிந்தது. அம்மாள் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

“க்கம்” என்று ஒரு கதவு கிறீச்சிட்டது.

“யாருங்க பேசுறது? சரியா கேக்கலையே!”

பெயரைச் சொன்னார்.

“சார்? நீங்களா? இதுவா உங்க குரல்? எத்தனை நாளா இப்படி?”

“நாலஞ்சு மாசமா.”

“அப்ப அன்னைக்குப் பேசினது?”

“அது... ஆபீஸ் குரல்.”

“முழுங்க முடியுதா?”

“இல்லம்மா. கஷ்டமாத்தான் இருக்கு.”

“ஏன் சார் முதல்லயே சொல்லல?”

வாழ்நாளில் முதல்முறையாகக் கையில் எழுதிக் கொடுத்த வாசகம் எதுவும் இல்லாமல் பேச வேண்டியிருந்தது. “நீங்க குரல் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதைக் கெடுக்க மனசு வரல.”

“நல்லா வந்துச்சு போங்க! நாளைக்குக் காலையில நேரா வந்துடுங்க. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

தொண்டை ஸ்பெஷலிஸ்ட் மூக்கு வழியாகக் கேமராவை விட்டார். திரையில், உலகம் புகழ்ந்த அந்தக் குரல் வசித்த வீடு தெரிந்தது. ஈரமும் சிவப்புமாய், பார்க்க அவ்வளவு விசேஷமாக இல்லை. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி. அன்றே துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். “ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது.”

அந்த நாட்களில் கணீர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். தாமதத்திற்கு வருந்துவது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ராகம் போட்டுச் சொல்கிற விஷயமில்லை அது.

ரிசல்ட் கேட்க அம்மாள்தான் போன் செய்தார். இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

“தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும்...”

“பாருங்க, வாயைக் கட்டிப் போட்டாலும் பேசுறீங்க” என்றார் அம்மாள். ‘பொறுமைக்கு’ முன்னால் அந்தப் புன்னகை வந்தபோது, கணீர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நர்ஸ் வந்தார். தாள் புரளும் சத்தம். அம்மாளின் விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கின.

“பயப்பட ஒண்ணுமில்லம்மா. கெட்ட கட்டி இல்ல. ரொம்ப வருஷம் அழுத்தி அழுத்திப் பேசினதுல வந்த காய்ப்பு. எடுத்துடலாம். அதுக்கப்புறம் கொஞ்ச மாசம் பேசாம இருக்கணும். இருப்பாரா?”

“இருக்க வைக்கிறேன்” என்றார் அம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நன்றி சொல்ல வாயைத் திறந்த கணீரின் வாயை அம்மாளின் கை மூடியது. கணீர் போனைக் காட்டினார், தன்னைக் காட்டினார், காற்றில் எதையோ பிடுங்கித் தூர எறிந்தார். சைகைகள் படிப்பதற்கு அம்மாளிடம் பயிற்சி இருந்தது.

“சிஸ்டர், உங்க போன்ல காத்திருங்கன்னு ஒருத்தர் சொல்றாரே, அது இவர்தான். அதை எடுத்துடச் சொல்றார்.”

“ஐயய்யோ! அது சாரா? அந்த ஆளைத் திட்டாம எங்ககிட்ட பேசுற நோயாளியே கிடையாதும்மா!” நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “எடுக்கலாம். ஆனா அதுக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும். நிறைய பேர் கொடுத்திருக்காங்க. வரிசைப்படிதான் வரும்.”

கணீருக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க, வெகுநேரம் சிரித்தார்.