தொட்டியைக் கழுவியவர்கள்

நகர்மன்றத் தலைவர் சுயம்புராஜ் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துப் பெரிய தொட்டியின் விளிம்பில் வந்து நின்றதும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். அந்த இடத்தில் நாற்றமே கிடையாது. ஊர்க் கழிவெல்லாம் வந்து விழுகிற கிணற்றுப் பக்கம் நாறும், ஒத்துக்கொள்கிறேன். அடியிலிருந்து காற்று கிளம்பி எந்நேரமும் கொதிப்பதுபோல் புரளும் இந்தத் தொட்டியில் மழை பெய்த தோட்டத்து மண் மணம்தான் வரும். ஆனால் அவருடைய மூக்கு முடிவு செய்வதற்குள் கை முடிவு செய்துவிட்டது. தலைவர் பொத்திவிட்டார் என்பதற்காகப் பின்னால் நின்ற கவுன்சிலர்களும் பொத்தினார்கள். கைக்குட்டை கொண்டுவராத ஒருவர் வேட்டி நுனியைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டு, கீழே என்ன தெரிகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் நின்றார்.

"என்ன இது, சாக்லேட் கலருல கெடக்கு? அடுத்த வாரம் மந்திரி வாறாரு. இதையா அவருக்குக் காட்டப் போறிய?"

"அது அழுக்கு இல்ல சார். கழிவ சுத்தம் பண்ணுத பாக்டீரியாவாக்கும். அதுக்க நெறமே அதுதான்" என்றேன்.

"பாக்டீரியாவ வளத்து வச்சிருக்கியளா?" என்று அவர் கேட்ட தோரணை, நான் என்னமோ அவர் வீட்டுக் கிணற்றில் கொண்டுபோய் அதை விட்டுவிட்டதுபோல் இருந்தது.

வளர்த்துத்தான் வைத்திருந்தேன். இந்த நிலையத்தில் நான்தான் கெமிஸ்ட். மனிதர்கள் கழிப்பதில் கண்ணுக்குத் தெரிகிற சங்கதியை அகற்றுவது பெரிய வித்தை இல்லை. மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாதான் தொல்லை. அது தண்ணீரில் கரைந்து கிடக்கும், வடிகட்டினாலும் போகாது. ஒரு வகை பாக்டீரியா காற்றைக் குடித்துக்கொண்டு அந்த அமோனியாவைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அடுத்த தொட்டியில் காற்று கிடையாது. அங்கே இன்னொரு வகை அந்த நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜனாக வானத்துக்கு அனுப்பிவிடும். கேட்க எளிது. முதல் வகை இருக்கிறதே, அது மெதுவாகத்தான் பெருகும். கொஞ்சம் காற்று குறைந்தால் சுணங்கும், கொஞ்சம் மருந்து பட்டால் செத்துப்போகும். வேறொரு நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து, சாணி கரைத்து ஊற்றி, மாசக்கணக்கில் தவம் கிடந்து நான் வளர்த்தெடுத்த கூட்டம் அது. அதற்குக் கிடைத்த பெயர் சாக்லேட்.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்குச் சுத்தம் என்று ஒரு வியாதி உண்டு. விடிந்தால் புதுக்கடையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் முற்றம் பெருக்குகிற சத்தம்தான். வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். அந்த முற்றத்தில் கூட்டிய குப்பை பக்கத்து வீட்டுக்காரன் விளையில், தென்னை மூட்டில் போய் விழும், மீன் கழிவு கவருக்குள் போய், பைக்கிலிருந்து பாலத்துக்குக் கீழே பறக்கும். கேரளத்து லாரி ஒன்று கழிவைக் கொண்டுவந்து கொட்டினால் மட்டும் மறியல், கொடி, கோஷம். தன் கண்ணில் படாவிட்டால் சுத்தம். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு ஒரு ஜில்லாவே தன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறது.

சுயம்புராஜ் அந்தப் பெருமையின் தலைவர், அவ்வளவுதான். கோயில் கொடைக்கு முன்னால் கிணறு இறைக்கிற மாதிரி, தொட்டியை இறைத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்சுவருக்கு நீல பெயின்ட் அடிக்கச் சொன்னார். நிலையத்தை நடத்துகிற எங்கள் கம்பெனியின் மேனேஜர் ஆன்ட்ரூஸ் தலையாட்டினான். சுயம்புராஜையாவது மன்னிக்கலாம், அவருக்குத் தெரியாது. ஆன்ட்ரூஸ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். தெரிந்துகொண்டே தலையாட்டுகிறவனை என்ன சொல்ல?

கழுவ வந்த அன்று நான் பம்ப் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றேன்.

"வெலகு பிரிஜா. ஆளுக பாக்குதாவ" என்றான் ஆன்ட்ரூஸ்.

"பாக்கட்டு. மறுபடி வளர ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அதுவர வாற அமோனியா எங்க போவும்? அப்பிடியே பேபி அண்ணன் மீனு வளக்குத குளத்துக்குத்தான் போவும். மீனு ஒண்ணு மிஞ்சாது."

"அதுவர படிகாரம் போடுவோம். மணல் பில்டரும் இருக்குல்லா? வெள்ளம் தெளிவாத்தான் போவும்."

"தெளிவாப் போனா நல்ல வெள்ளம்னு எவன் ஒனக்குப் படிச்சுத் தந்தான்?"

அவன் என் கையைத் தட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். சாக்லேட் சேறு குழாய் வழியாகப் பின்பக்கத் தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது. சாயங்காலம் தொட்டிக்குள் ஆட்கள் இறங்கித் துடைப்பத்தால் தேய்த்தார்கள். மந்திரி வந்த அன்று கழிவை உள்ளே விடவே இல்லை. கால்வாயிலிருந்து பிடித்து நிரப்பிய தண்ணீர் நீலச் சுவருக்குள் நீச்சல்குளம் போலப் பளபளத்தது. மந்திரி எட்டிப் பார்த்து, குடிக்கலாம் போலிருக்கிறதே என்றார். குடிக்கச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் கைதட்டினார்கள். வேட்டி நுனிக் கவுன்சிலர் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

மறுநாள் கழிவு உள்ளே வந்தது. படிகாரமும் மணலும் தங்கள் வேலையைச் செய்தன. வெளியே போன தண்ணீர் கண்ணாடி. சோதனைக் குழாயில் பிடித்து, அமோனியாவைக் காட்டும் மருந்துச் சொட்டு விட்டதும் கடும் மஞ்சளாக மாறியது. உள்ளே வந்த அமோனியா ஒரு பொட்டும் குறையாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. மருந்துக் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேபி அண்ணனைத் தேடி ஓடினேன்.

பேபி அண்ணன் சவூதியில் கிரேன் ஓட்டி முதுகு போய்த் திரும்பியவர். எங்கள் வாய்க்கால் போய் விழும் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லாவும் ரோகுவுமாக மீன் விட்டிருந்தார். கோடையில் அந்தக் குளத்துக்கு எங்கள் தண்ணீர்தான் கதி. கிறிஸ்துமசுக்கு முன்னால் முதல் பிடிப்பு. அவர் மனைவி கிரேசி அக்காவின் வளையல்களெல்லாம் இந்தக் குளத்துக்குள்தான் கிடக்கின்றன என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த மீன்களை விட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவும் இல்லை.

நான் போனபோது வாய்க்கால் ஷட்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீரையே ரசித்துக்கொண்டிருந்தார்.

"வா மோளே. வெள்ளத்தப் பாத்தியா? அடியில கெடக்குத கல்லு தெரியுது!"

"அண்ணா, ஷட்டர இப்பவே அடைங்க. பழைய ஓடையில திருப்பி விடுங்க. இதுல முழுக்க அமோனியாவாக்கும். மீனு மூச்சு முட்டிச் செத்துப்போவும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டு நாளும் கட்டஞ்சாயா நெறத்துல வந்தது நல்ல வெள்ளம். இப்ப கண்ணாடி மாதிரி வாறது கெட்ட வெள்ளம். அப்பிடித்தானே நீ செல்லுதது?"

"அப்பிடியேதான்."

ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்தார். "நான் ரப்பர் வெட்டுத குடும்பத்துல பொறந்தவனாக்கும். பால் ஒறையாம இருக்க அமோனியாதான் ஊத்துவோம். மூடியத் தெறந்தா கண்ணு எரியும். அதுக்க மணம் எனக்குத் தெரியாதா? இதுல ஒரு மணமும் இல்ல."

"இவ்வளவு வெள்ளத்துல கலந்தா மணக்காது அண்ணா. மனுசனுக்கு மணக்காதது மீனக் கொல்லும்."

அவர் கண்முன்னாலேயே குழாயில் பிடித்துச் சொட்டு விட்டுக் காட்டினேன். மஞ்சளாயிற்று. அவர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"மருந்து ஊத்தினா நெறம் மாறத்தானே செய்யும்?"

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "ஒனக்கும் அந்த ஆன்ட்ரூசுக்கும் ஏதோ சண்டை வழக்குன்னு கேட்டேன். அது ஒங்களுக்குள்ள உள்ள காரியம். அதுக்கு எனக்க மீனுல கை வைக்காத மோளே" என்றார்.

"மந்திரி செல்லட்டு, கேளுங்க. படிச்சவ செல்லுத ஒண்ணையும் கேக்காண்டாம்" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தேன். பின்னால் ஷட்டர் சக்கரம் கிறீச்சிட்டது. ஒரு கணம் ஆசையோடு திரும்பிப் பார்த்தேன். மனிதர் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொண்டிருந்தார்.

செத்தால்தான் இந்த ஜனத்துக்குப் புத்தி வரும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். சொல்லச் சொல்ல ஒரு சுகம் இருந்தது. சுயம்புராஜ், ஆன்ட்ரூஸ், பேபி, வேட்டி நுனி என்று ஒவ்வொருவராக எடுத்து மனசுக்குள் கிழித்துப் போட்டேன். மூக்கைக் கொடுத்தவன் அதற்குப் பின்னால் கொஞ்சம் மூளையும் கொடுத்திருக்கலாம். மீனைப் பற்றி அன்று அதிகம் நினைக்கவில்லை. நான் சொன்னது பலிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பேபி அண்ணன் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"மோளே, ஓடி வா! கோவமெல்லாம் வேண்டாம். ஒனக்குக் காட்டாம முடியாது, வா!"

போனேன். குளத்தங்கரையில் அக்கம்பக்கத்து ஜனம் முழுக்க நின்றது. குளம் பச்சைக் கண்ணாடியாக இருந்தது. மேற்பரப்பு முழுக்க மீன்கள். இடுப்பளவு ஆழத்தில் கிடந்து எப்போதாவது முதுகைக் காட்டுகிறவை, அத்தனையும் மேலே வந்து வாயை வானத்துக்குத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரையோரத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, ஆள் நிற்பது தெரிந்தும் விலகாமல்.

"பாத்தியா? ஒருநாளாவது இப்பிடி மேல வந்திருக்கா? வெள்ளம் நல்லானதும் களிச்சு நடக்குது பாரு! நீ என்னமெல்லாம் செல்லிப் பயங்காட்டின!"

போனில் வீடியோ எடுத்துக்கொண்டே அதை என் பக்கம் திருப்பினார். முனிசிபாலிட்டி குரூப்பில் போட வேண்டுமாம், நான் ரெண்டு வார்த்தை பேச வேண்டுமாம். இரண்டு நாளாக நான் கூர்தீட்டி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இவர் முட்டாளாகவே இருக்கட்டும், என் சோதனை பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாய்க்கால் பக்கம் ஓடி, ஷட்டர் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். துரு உள்ளங்கையைக் கிழித்தது.

"எதுக்கு மோளே அடைக்கிய?" என்று அவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

கிரேசி அக்கா படிக்கட்டில் இறங்கி நின்று, தவிட்டை உருண்டை உருண்டையாகப் பிடித்து எறிந்துகொண்டிருந்தாள். "தின்னுங்க மக்கா, தின்னுங்க" என்றாள். அவள் காலடியில் ஒரு பெரிய கட்லா திறந்த வாயோடு நின்றது. தவிடு கரைந்து அதன் வாய்க்குள் போயிற்று, தண்ணீரோடு அப்படியே வெளியே வந்தது, மறுபடியும் போயிற்று.