மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி

வீரகத்தி உயிரோடு இருந்தவரைக்கும், சிவனேஸ்வரி அவருடைய பெண்சாதிதானா என்று வட்டக்கச்சியில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் செத்து அந்தியேட்டிக் கிரியையும் முடிந்த பிறகுதான் கொழும்பு அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவர் பொலிசில் சார்ஜனாக இருந்து இளைப்பாறியவர். விதவைக்கு உரிய பென்சனைத் தரும்படி அவள் கேட்டிருந்தாள். இறந்தவர் கலியாணம் செய்ததற்குப் பதிவு இல்லை, ஆகவே அவருக்கு விதவை என்று ஒருவர் இருக்க முடியாது என்று பதில் வந்தது. கடைசி மாதங்களில் அவரைப் பாயில் புரட்டிப் படுக்கவைத்தவள், கஞ்சி பருக்கியவள் யார் என்று அந்தக் கந்தோர் கேட்கவில்லை. கந்தோர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

எழுத்து என்கிற கலியாணப் பதிவு நடக்கவில்லை என்பது உண்மைதான். அவர்களுடையது சோறு கொடுத்துச் செய்த கலியாணம். சீதனம் கொடுக்க வழியில்லாத வீடுகளில் அப்போது அதுதான் வழக்கம். மாப்பிள்ளை கூறைச் சேலையோடு வருவார். பெண் தன் கையால் சமைத்துப் பரிமாறுவாள். அவர் சாப்பிட்டு எழும்ப, அதே இலையில் அவளும் சாப்பிடுவாள். ஊருக்கு அது தாராளமாகப் போதும். பொலிசுக்குத்தான் போதாது. எழுத்து எழுதிய பெண்சாதிமாருக்கு மட்டுமே குவாட்டர்ஸில் இடம். அதனால் வீரகத்தி மாத்தறை, பதுளை, அநுராதபுரம் என்று மாறி மாறிப் போனார். சிவனேஸ்வரி தாயோடு ஊரிலேயே கிடந்தாள்.

கிடந்தாள் என்பதுதான் சரி. லீவில் வந்தவர் போன மறுநாளே அடுத்த லீவை நினைக்கத் தொடங்கிவிடுவாள். குவாட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் உப்புக் கேட்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, லுணு என்ற சிங்களச் சொல்லை அவரிடமே கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பற்றிக் கேட்பாள். அடுத்த லீவுக்கு எழுதுவம் என்பார். ரெஜிஸ்தாருக்கு முன்னால் இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்தினால் முடிகிற காரியம். அதற்கு இத்தனை லீவுகள் போதாமல் போனால் ஒரு பெண் என்னத்தை நினைப்பாள்? உத்தியோகத்தர்களின் பெண்சாதிமாருக்கு நடுவில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்த அவருக்கு வெட்கம் என்றே நினைத்தாள். அவர் இளைப்பாறி வந்து, வட்டக்கச்சியில் காணி கிடைத்து, இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த கொஞ்ச வருடங்களிலும், வெட்கம்தானா என்று அவள் அவரைக் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஓம் என்றுவிட்டால் இருக்கிற சந்தோசமும் போய்விடும் என்று பயந்தாள்.

இப்போது வயிற்றுப்பாட்டுக்குப் பென்சன் வேண்டும். அதைவிட, அவரோடு சேர்ந்த ஒருவர் வாயால், இவள் அவனுடைய பெண்சாதி என்று ஒருமுறை கேட்க வேண்டும் போலிருந்தது.

வழக்கை எடுத்தவர் வவுனியாவில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி யோகலிங்கம். இளைப்பாறிய பொலிஸ்காரர்களின் பென்சன் வழக்கென்றால் பீசைப் பற்றிப் பேசாமலே ஓடி வருகிற மனுசன். அவருடைய தகப்பனும் கொன்ஸ்தாபிளாக இருந்து, பென்சனுக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவர். யோகலிங்கம் கொளுத்துகிற வெயிலிலும் கறுத்தக் கோட்டைக் கழற்ற மாட்டார், கதையையும் நிறுத்த மாட்டார். வழக்கப்படி நடந்த கலியாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் என்று விளக்கினார். ஆனால் பெண் பக்கத்தார் சொன்னால் எடுபடாது, மாப்பிள்ளை பக்கத்தில் கண்ணால் கண்ட ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றார். அப்படி உயிரோடு இருந்தது ஒரே ஒரு ஆள். வீரகத்தியின் அக்கா அன்னபாக்கியம்.

தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். உத்தியோகத் தம்பிக்குப் பெரிய இடத்தில் பெண் பார்த்து வைத்திருந்தாள். அவன் போயும் போயும் இந்த வீட்டைப் பிடித்தான். கலியாணத்தன்று சாப்பிடாமல் எழும்பிப் போனவள் பிறகு அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. தம்பியின் செத்த வீட்டுக்குப் பரந்தனிலிருந்து வந்தும், படலைக்கு வெளியே நின்று குழறிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் வர மாட்டாள், வந்தாலும் தன்னைக் குழியில் தள்ளிவிட்டுத்தான் போவாள் என்று சிவனேஸ்வரி தலையில் அடித்துச் சொன்னாள். யோகலிங்கம் கேட்கவில்லை. பஸ் பிடித்துப் பரந்தனுக்குப் போய் வந்தார். வருகிறேன் என்று மட்டும் சொன்னாளாம், வேறு ஒரு கதையும் இல்லையாம்.

விசாரணை கிளிநொச்சிக் காரியாதிகாரி கந்தோரில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் தமிழர்தான், ஆனால் சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது போல முகத்தை வைத்திருந்தார். யோகலிங்கம் எழும்பி, விதவைகள் நிதிக்கென்று அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் வெட்டியபோது பெண்சாதி இருக்கிறாளா என்று யாராவது கேட்டார்களா, திருப்பிக் கொடுக்க வரும்போது மட்டும் கேட்பது என்ன நியாயம் என்று ஒரு பிடி பிடித்தார். உத்தியோகத்தர் சாட்சியைக் கூப்பிட்டார்.

வெள்ளைச் சேலையோடு அன்னபாக்கியம் வந்து நின்றாள். சிவனேஸ்வரியின் பக்கம் திரும்பவில்லை. தம்பியோடு அந்த வீட்டுக்குப் போனதும், கூறைத் தட்டைத் தானே சுமந்து போனதும் உண்மை என்றாள். அங்கே சாப்பிட்டீர்களா என்று உத்தியோகத்தர் கேட்டார். இல்லை என்றாள். யோகலிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. மாப்பிள்ளையின் சொந்த அக்காவே கை நனைக்காத கலியாணம் என்ன கலியாணம் என்று உத்தியோகத்தர் கேட்டார். எல்லாம் முடிந்தது என்று சிவனேஸ்வரி நினைத்தாள்.

"கலியாணச் சோறு எண்டபடியாலைதான் ஐயா நான் எழும்பினனான்," என்றாள் அன்னபாக்கியம். "வெறும் சோறெண்டால் பசிக்குச் சாப்பிட்டிருப்பன். அதிலை கை வைச்சால் இவளை என்ரை தம்பிக்குப் பெண்சாதியா நான் ஒத்துக்கொண்டதாப் போயிடும். நான் ஒத்துக்கொள்ளேல்லை. அவன் ஒத்துக்கொண்டவன். இருந்து வடிவாச் சாப்பிட்டவன். இவளும் அதே இலையிலை சாப்பிட்டவள். போற வழியிலை திரும்பி நிண்டு பாத்தனான்."

உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். வேண்டாத ஒருத்தியின் சாட்சியை விட வலுவான சாட்சி ஏது? சட்டப்படியான மனைவி என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், இனி மறுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

வெளியே மரத்தடிக்கு வந்த யோகலிங்கத்துக்குக் கால் நிலத்தில் இல்லை. இந்த ஒரு வாக்குமூலத்தை அந்த நாளிலேயே யாராவது பொலிஸ் மேலிடத்தில் கொடுத்திருந்தால் எல்லாம் அப்போதே பதிவாகி, குவாட்டர்ஸும் கிடைத்திருக்கும் என்று பெருமையோடு அளந்துகொண்டிருந்தார். தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"அப்ப நான் அவரோடை போய் இருந்திருக்கலாமோ ஐயா?" என்று சிவனேஸ்வரி கேட்டாள்.

யோகலிங்கம் அன்றைக்கு முதல்முறையாக ஒரே சொல்லோடு நிறுத்தினார். ஓம் என்றார். பஸ் எப்போது வரும் என்று பார்க்கப் போவதாகச் சொல்லி நழுவினார்.

இரண்டு பெண்களும் மட்டும் நின்றார்கள். கிடைத்ததற்குச் சந்தோசப்பட சிவனேஸ்வரியால் முடியவில்லை. தனியே படுத்து எழும்பிய அத்தனை வருடங்களும் ஒன்றாகத் திரண்டு நெஞ்சில் ஏறி இருந்தன.

"இதை நீங்கள் அப்பவே சொல்லியிருக்கலாம், மச்சாள்," என்றாள். "என்ன செய்யிறது, அவருக்கும் விருப்பமில்லை. அவர் உங்களிட்டைக் கேக்கவுமில்லை."

"அவன் கேட்டவன்," என்றாள் அன்னபாக்கியம்.

சிவனேஸ்வரி அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"லீவிலை வந்திறங்கினால் முதல் என்னட்டைத்தான் வருவான். எழுத்துக்கு வந்து நில்லக்கா, நீ நிக்காமல் நான் எழுதமாட்டன் எண்டு கேப்பான். போகேக்கையும் வந்து கேப்பான். ஒவ்வொரு லீவும் கேட்டவன். நான்தான் மாட்டனெண்டனான். உன்னட்டைச் சொன்னால் நீ என்னை வெறுப்பாய் எண்டு சொல்லாமல் விட்டிருப்பான். பதுளையிலை உனக்கெண்டு ஒரு வீடும் பாத்துச் சொல்லி வைச்சிருந்தவன்."

பஸ் வந்து நின்றது. யோகலிங்கம் மிதிபலகையில் நின்றுகொண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டார். சிவனேஸ்வரி அசையவில்லை. பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

"என்ன வீடு அது?" என்று கேட்டாள். "எப்பிடி இருக்குமெண்டு சொன்னவரோ?"

"வீட்டு முத்தத்திலையே பைப்பாம்," என்றாள் அன்னபாக்கியம். "நீ தண்ணி அள்ளி மெனக்கெடத் தேவையில்லையாம்."