தாயும் மகளும் கூட்டினால் நாற்பத்தெட்டு

கணக்குப் பாடநூல் எழுதும் டீச்சரின் மகளுக்கு ஒரே மாலையில் பன்னிரண்டு, பதினாறு, நாற்பத்தைந்து என்று மூன்று விதமாக வயது ஆனது. தப்பு டீச்சருடையதுதான். புதிதாக ஆட்களை யோசிக்கச் சோம்பல்பட்டுத் தங்கள் இருவரையும் வைத்தே ஒரு கணக்குப் போட்டிருந்தாள்: தாயின் வயது மகளின் வயதைப் போல மும்மடங்கு, இரண்டையும் கூட்டினால் நாற்பத்தெட்டு, மகளின் வயது என்ன? மகளை x என்று வைத்தால் நாலு x நாற்பத்தெட்டு, விடை பன்னிரண்டு. புத்தகம் பள்ளிகளுக்குப் போன நாள்முதல், ஊரில் எந்தப் பிள்ளை கடைசியாக என்ன விடை எழுதியதோ அதுவே மகளின் வயது என்றாகிவிட்டது. மகளைச் சேர்க்க மறந்து மூன்றால் வகுத்தவர்கள் பதினாறு என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றைக் கழித்த புத்திசாலிகள் நாற்பத்தைந்து என்றார்கள். வீட்டுப்பாட நேரத்தில் அவளுக்கு எந்தச் சட்டையும் கால் மணி நேரம்கூடப் பொருந்தவில்லை.

டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளி விட்டதும் தெருத்தெருவாக அலைந்து, ஜன்னல் வழியே நோட்டை எட்டிப் பார்த்து, "அழிடா, அதை முதல்ல அழி!" என்று கத்துவாள். இந்த வீட்டில் திருத்தினால் அந்த வீட்டில் கெட்டது. நாற்பத்தைந்தாக இருக்கும் நேரங்களில் மகள், தாயைவிட மூத்தவளாகையால், "ஓடினது போதும், உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடு" என்று அதட்டினாள், டீச்சரும் சாப்பிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் சரியாகப் போட்ட நாட்கள்தான் இன்னும் மோசம். டீச்சருக்கு முப்பத்தொன்பது ஆகியும் மகள் பன்னிரண்டிலேயே நின்றாள். கூடப் படித்தவர்கள் மூன்று வகுப்பு தாண்டிவிட்டார்கள். "நான் எப்போம்மா பதிமூணு ஆவேன்?" என்று அவள் கேட்டபோது டீச்சர் சமையலறைக்குள் போய் அழுதாள்.

பாடநூல் அலுவலக அதிகாரி, "விடை சரியாத்தானே டீச்சர் வருது? அப்புறம் என்ன பிரச்சனை?" என்றார். கணக்கையே எடுத்துவிடச் சொல்லவும் பயம்; அதோடு மகளும் போய்விட்டால்? அச்சுப்பிழையின் மேல் ஒட்டும் சீட்டு ஒன்றைக் கெஞ்சி வாங்கி, இப்படி எழுதினாள்: தாயின் வயது மகளின் வயதைவிட இருபத்துநான்கு அதிகம். மகளின் வயது என்ன? அவ்வளவுதான். மகளைப் பெற்றபோது அவளுக்கு இருபத்துநான்கு. அது என்றைக்கும் மாறாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் விடை கண்டுபிடிக்கவும் முடியாது.

பள்ளிகளில் சீட்டை ஒட்டி முடித்த அன்று, விட்டுப்போன மூன்று பிறந்தநாளும் சேர்ந்து, மகள் பதினைந்தானாள். விவரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் டீச்சர் "ஆமாம்" என்று பதில் போட்டாள். பிள்ளைகள் அந்தக் கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை வாயில் வந்த பெரிய எண்ணை எழுதிவைக்கும், உடனே மகள் நரைத்த தலையோடு அறையிலிருந்து வந்து, "சாப்பிட்டியா, இல்லையா?" என்று அதட்டுவாள். டீச்சர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.