ஓநாய்க்கு வலது கை

குடியிருப்பின் முற்றத்தில் நின்ற ஓநாய்ச் சிலை வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இரண்டாம் மாடிக்கு எட்டி, கொடியில் காய்ந்த போர்வைகளை நக்க ஆரம்பித்த பிறகுதான் சங்கம் கூடியது.

பனிதேசத்துப் புராணக் காட்சி அது. ஓநாயைக் கட்டிப்போடுவதற்காக, ஏமாற்றினால் கடித்துக்கொள் என்று அதன் வாயில் தன் கையைப் பிணையாக வைத்த தெய்வமும் பக்கத்திலேயே நின்றது. போன வாரம் அந்தத் தெய்வம் கையை உருவிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. அதிலிருந்து அந்த இடம் காலி.

"யாராவது கையை வைக்கணும். வச்சாத்தான் கட்ட விடுவேங்குது," என்றாள் சங்கச் செயலாளர் சௌந்தரவல்லி. "நல்லபெருமாள் சார், நீங்கதானே புதுசா குடி வந்திருக்கீங்க."

நல்லபெருமாளுக்குச் சந்தேகம் தட்டியது. குடிவந்த நாளிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் தராதவர்கள் எல்லாரும் இன்று அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். அத்தனை பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

"கடிக்காதுல்ல?"

"கல்லு சார்."

"பேசுதே?"

"பேசும். கடிக்காது."

மாடியிலிருந்து அவருடைய சின்ன மகள் எட்டிப் பார்த்தாள். ஓநாயின் மூக்கு அவளுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கட்டித்தான் ஆகவேண்டும்.

ஓநாய் தலையைத் தாழ்த்தி வாயைத் திறந்தது. நல்லபெருமாளும் லேசுப்பட்டவர் அல்ல. போனால் இது போகட்டும் என்று இடது கையை நீட்டினார்.

ஓநாய் முகத்தைச் சுளித்தது. "யாருக்காச்சும் இடது கையால குடுப்பாங்களா?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வளர்ந்த விதம் அப்படி. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வலது கையை வைத்தார்.

"இது வெறும் ரிப்பன்தானே?" தன்னைக் கட்டக் கொண்டுவந்ததைப் பார்த்து ஓநாய் அவரிடம் மட்டும் கேட்டது.

பூனையின் காலடிச் சத்தத்தையும் மீனின் மூச்சையும் சேர்த்து நெய்த ரிப்பன், யானையாலும் அறுக்க முடியாது என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருந்தது. ஓநாய்க்குப் படிக்கத் தெரியாது.

அவர் மகளைப் பார்த்தார். "வெறும் ரிப்பன்தான்," என்றார்.

கட்டினார்கள். ஓநாய் ஒருமுறை திமிறிப் பார்த்தது. பிறகு அவரை வருத்தத்தோடு பார்த்துவிட்டு வாயை மூடியது.

எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் அவர்களுடைய கைகளைப் பார்த்தார். ஆளுக்கு இரண்டு இருந்தன.

சௌந்தரவல்லி கிண்ணத்தில் கேசரி கொண்டுவந்தாள். நல்லபெருமாள் மிச்சமிருந்த கையை நீட்டினார். அவள் கிண்ணத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

"என்ன சார், இடது கையாலயா வாங்குறது?"

நல்லபெருமாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.